108-க்கு அழைத்தால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது, எப்போது அழைக்க வேண்டும்

108-க்கு போன் போட்ட அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப்பேர் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள். "இங்க ஆளு மூச்சு விட முடியாம கிடக்கு, வண்டி அனுப்புங்கன்னு கத்துறேன், அந்தப் பொண்ணு நிதானமா எந்த மாவட்டம், எந்த தாலுகான்னு கேட்டுக்கிட்டே இருக்கு." கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்விகள் சும்மா கேட்கப்படுபவை அல்ல. அவை ஏன் அந்த வரிசையில் வருகின்றன என்று தெரிந்துகொண்டால், அழைப்பே வேகமாக முடியும், வண்டியும் சீக்கிரம் கிளம்பும்.

முதலில் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் எந்த மூலையில் இருந்து 108 அடித்தாலும் அது உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போவதில்லை, பக்கத்தில் நிற்கும் ஆம்புலன்ஸுக்கும் போவதில்லை. சென்னை தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. 2008 செப்டம்பரில் இங்கே சேவை தொடங்கியது முதல் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே இடத்தில் போன் எடுப்பது என்பதுதான் இதன் அமைப்பு. 2005-ல் ஹைதராபாத்தில் தொடங்கி, பிறகு பல மாநிலங்கள் எடுத்துக்கொண்ட முறை இது. ஆக, நீங்கள் நாகர்கோவிலில் இருந்து "பிள்ளையார் கோயில் தெருங்க, எல்லாருக்கும் தெரியும்" என்று சொன்னால், எடுப்பவருக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பே இல்லை. தமிழ்நாட்டில் எத்தனை புதூர், எத்தனை நல்லூர், எத்தனை மேட்டுப்பட்டி இருக்கிறது என்று யோசியுங்கள். மாவட்டமும் தாலுகாவும் கேட்காமல் "புதூர்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வண்டி அனுப்பினால் அது எந்தப் புதூருக்குப் போகும்?

"போன்லதான் லொகேஷன் காட்டுமே" என்பார்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி திரையில் சிவப்புப் புள்ளி வந்து உங்கள் வாசலில் நிற்பதில்லை. செல்போன் டவரை வைத்துக் கிடைக்கும் இடம் நகரத்துக்குள்ளேயே சில தெருக்கள் தள்ளிப் போகும், கிராமத்துப் பக்கம் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போகும். அதனால் வாயால் சொல்லும் இடம்தான் இன்றைக்கும் முக்கியம்.

இடத்தை எப்படிச் சொல்வது

பெரியதில் இருந்து சின்னதுக்கு வாருங்கள். மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, அப்புறம் அடையாளம். நாம் இயல்பாகச் சொல்வது இதற்கு நேர் எதிர், வீட்டுப் பக்கத்துக் கடையில் இருந்துதான் ஆரம்பிப்போம். அடையாளம் என்றால் வெளியூர்க்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டே கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ரேஷன் கடை, தண்ணீர் டேங்க், பெட்ரோல் பங்க், டிரான்ஸ்ஃபார்மர், பள்ளிக்கூடம், செல்போன் டவர் எல்லாம் நல்ல அடையாளம். "பழைய நாட்டாமை வீட்டுக்கு எதிர்ல" என்பது உள்ளூர்க்காரருக்கு மட்டும் உதவும்.

நெடுஞ்சாலையில் விபத்து என்றால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எந்த இரண்டு ஊருக்கு நடுவில் என்பது ஒன்று, எந்தப் பக்கம் போகும் சாலையில் என்பது இன்னொன்று. நான்குவழிச் சாலையில் திருச்சி நோக்கிப் போகும் பக்கமா சென்னை நோக்கி வரும் பக்கமா என்று சொல்லாமல் விட்டால், வண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்று, திரும்புவதற்கு இடைவெளி தேடிக் கிலோமீட்டர் கணக்கில் போய்விட்டு வர வேண்டியிருக்கும். ஓரத்தில் கிலோமீட்டர் கல் தெரிந்தால் அதில் உள்ள எண்ணைப் படியுங்கள். கடைசியாகக் கடந்த டோல்கேட்டின் பெயரும் உதவும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உண்டு, ஆனால் ஆளுக்கு அடிபட்டிருந்தால் முதலில் 108-தான்.

இடத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் யாருக்கு, என்ன ஆயிற்று என்ற கதைக்கு வர வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. லைன் எப்போது வேண்டுமானாலும் துண்டிக்கப்படலாம். இடம் தெரிந்து நோய் தெரியாவிட்டாலும் வண்டியை அனுப்ப முடியும். நோய் தெரிந்து இடம் தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

நல்லபடியாகப் போகும் ஒரு அழைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும். திருச்சி மாவட்டம், முசிறி பக்கம் என்று வைத்துக்கொள்வோம், மருமகள் பேசுகிறார்:

"வணக்கம் 108, சொல்லுங்கம்மா."

"திருச்சி மாவட்டம், முசிறி தாலுகாங்க. ஊருக்குள்ள நுழைஞ்சதும் ரேஷன் கடை இருக்கும், அதுக்கு அடுத்த தெரு. மாமாவுக்கு நெஞ்சு வலிக்குதுங்கறாரு, சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு."

"ஊர் பேர் சொல்லுங்கம்மா... சரி. மாமாவுக்கு என்ன வயசு? பேசுறாரா?"

"அறுபத்தி மூணு. பேசுறாருங்க, ஆனா மூச்சு வாங்குது. சுகர் இருக்கு."

"எவ்வளவு நேரமா வலி?"

"அரை மணி நேரமா."

"சரிம்மா, அவரை நடக்க விடாதீங்க, சாய்ஞ்சு உட்கார வைங்க. இந்த நம்பருக்கு வண்டியில இருந்து கூப்பிடுவாங்க, எடுங்க."

அவ்வளவுதான். மாமாவுக்கு முன்பு நடந்த ஆபரேஷன், நேற்று சாப்பிட்ட பரோட்டா, மகன் துபாயில் இருப்பது எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். இப்போதைய நிலைதான் வேண்டும்: நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா, ரத்தம் போகிறதா, எப்போது ஆரம்பித்தது.

அந்தப் பக்கம் நடப்பது

நீங்கள் சொல்வதை எடுப்பவர் கணினியில் பதிவு செய்கிறார். அதற்கு ஒரு கேஸ் எண் விழுகிறது. ஊரும் அடையாளமும் பதிவான பிறகு, அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வண்டி கேஸ் இல்லாமல் சும்மா நிற்கிறது என்று ஜி.பி.எஸ். மூலம் பார்த்து அதற்குத் தகவல் போகிறது. இங்கேதான் பலருக்குக் குழப்பம். "நம்ம ஊரு ஆஸ்பத்திரி வாசல்லயே 108 நிக்கும், அதை விட்டுட்டு இருபது கிலோமீட்டர்ல இருந்து அனுப்புறாங்க" என்பார்கள். அந்த வாசல் வண்டி அந்த நேரத்தில் வேறு கேஸுக்குப் போயிருக்கும், இல்லையென்றால் ஒரு கர்ப்பிணியை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும் வேலையும் இதே வண்டிகளின் தலையில்தான். அருகில் இருக்கும் வண்டி என்பதைவிட, அருகில் காலியாக இருக்கும் வண்டி என்பதுதான் கணக்கு.

வண்டியில் இரண்டு பேர் வருவார்கள். ஓட்டுநரை அங்கே பைலட் என்பார்கள், இன்னொருவர் அவசர மருத்துவ உதவியாளர், சுருக்கமாக இ.எம்.டி. அவர் டாக்டர் அல்ல, ஆனால் ஆக்சிஜன் வைக்கவும், ரத்தப்போக்கை நிறுத்தவும், வழியிலேயே பிரசவம் பார்க்கவும் பயிற்சி பெற்றவர். சிக்கலான நிலை என்றால் அவர் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மருத்துவரைப் போனில் பிடித்து, என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்வார். வண்டிகளிலும் வகை உண்டு. சாதாரண வண்டி, வென்டிலேட்டர் உள்ள வண்டி, பச்சிளம் குழந்தைகளுக்கான இன்குபேட்டர் வண்டி, சந்துகளுக்குள் நுழையக்கூடிய பைக் ஆம்புலன்ஸ். எது வர வேண்டும் என்பது நீங்கள் போனில் சொல்லும் நிலையைப் பொறுத்தது. அதனால்தான் "சும்மா மயக்கம்" என்று குறைத்தும் சொல்லக் கூடாது, "செத்துக்கிட்டிருக்காரு" என்று ஏற்றியும் சொல்லக் கூடாது. கண்ணால் பார்ப்பதைச் சொன்னால் போதும்.

அடுத்து நடப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வண்டி கிளம்பியதும் பைலட்டோ இ.எம்.டி.யோ உங்களைக் கூப்பிடுவார், வழி கேட்க. தெரியாத எண்ணில் இருந்து வரும். லோன் கம்பெனிக்காரன் என்று நினைத்துக் கட் பண்ணிவிடுவோம், இல்லையென்றால் அதற்குள் அத்தை, சித்தப்பா, மச்சான் என்று வரிசையாகப் போன் போட்டு லைனை பிஸியாக்கி வைத்திருப்போம். 108-க்கு அழைத்த போனை வண்டி வரும்வரை யாரும் தொடக் கூடாது. சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேறு போனை எடுங்கள். அந்தப் போனில் சார்ஜ் குறைவு என்றால் முதல் அழைப்பிலேயே பக்கத்தில் இருப்பவரின் எண்ணையும் கொடுத்துவிடலாம். முடிந்தால் ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்பி நிற்க வையுங்கள், இரவு என்றால் கையில் டார்ச்சோடு. அபார்ட்மென்ட் என்றால் வாட்ச்மேனிடம் சொல்லி கேட்டைத் திறந்து வைத்து, லிஃப்டைக் கீழே பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

வெளியூரில் இருந்து அழைப்பவர்கள் கவனிக்க

அம்மா மதுரையில், நீங்கள் பெங்களூரில். அம்மா போன் செய்து தலை சுற்றுகிறது, கை மரத்துப்போகிறது என்கிறார். நீங்கள் பதறி 108 அடித்தால் அது கர்நாடகத்தின் 108-க்குப் போகும். ஏனென்றால் அழைப்பு நீங்கள் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் திருப்பிவிடப்படுகிறது. சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருந்தால் இந்த எண்ணே உதவாது. அதனால் வெளியூரில் பிள்ளைகள் இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குறைந்தது இரண்டு பேரின் எண்ணாவது உங்களிடம் இருக்க வேண்டும், எதிர்வீடு, கீழ்வீடு, மளிகைக் கடை யாராக இருந்தாலும் சரி. அவர்களைக் கூப்பிட்டு 108 அடிக்கச் சொல்வதுதான் வேகமான வழி. ஓசூர், களியக்காவிளை, கூடலூர் மாதிரி எல்லை ஊர்களில் டவர் மாறி பக்கத்து மாநிலத்துக்குப் போக வாய்ப்பு உண்டு, எடுப்பவர் வேறு மொழியில் பேசினால் பதறாமல் "தமிழ்நாடு" என்று முதலில் சொல்லுங்கள்.

அம்மாவே போன் செய்யும் நிலையில் இருந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைக்கலாம்: மாவட்டம், தாலுகா, முகவரி, அடையாளம், சாப்பிடும் மருந்துகள். பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே மறந்துபோவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

எப்போது அழைக்க வேண்டும்

நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும், மூச்சுத் திணறல், மயங்கி எழாமல் இருப்பது, நிற்காத ரத்தப்போக்கு, ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு, பெரிய தீக்காயம், நீரில் மூழ்கியது, மின்சாரம் தாக்கியது, பிரசவ வலி, விஷம் குடித்தது, பாம்புக்கடி. இவற்றில் யோசிக்கவே வேண்டாம். நெஞ்சு வலியை வாயு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் பார்ப்பது நம் ஊரில் சகஜம். வாயுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும்.

பக்கவாதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் வலி இருக்காது, அதனால் யாரும் பதற மாட்டார்கள். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணும், இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்கும், பேச்சு குழறும். இதில் ஒன்று இருந்தாலும் அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதற்குள் சி.டி. ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். இதனால்தான் "எப்போதிருந்து?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். காலையில் எழும்போதே அப்படித்தான் இருந்தார் என்றால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்ததைப் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

பாம்புக்கடியில் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாமே கெடுதல். பாம்பைத் தேடி அடித்து எடுத்துவருவதும் தேவையில்லை. கடிபட்டவரை நடக்க விடாமல், கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருந்தால் போதும். பூச்சிமருந்து குடித்தவருக்கு உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. மருந்து டப்பாவை மட்டும் மறக்காமல் வண்டியில் ஏற்றுங்கள், என்ன மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சையே. மின்சாரம் தாக்கியவரைத் தொடுவதற்கு முன் மெயினை ஆஃப் செய்யுங்கள்.

பெரியவர் ஒருவர் சுருண்டு விழுந்து, தட்டினாலும் கூப்பிட்டாலும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லை என்றால், 108 அடித்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்த ஆரம்பியுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும். மெதுவாக அழுத்தினால் பயன் இல்லை. வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது, கை வலித்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

சந்தேகமாக இருந்தால்? அழையுங்கள். நல்ல எண்ணத்தோடு அழைத்து அது பெரிய விஷயம் இல்லை என்று தெரிந்தால் யாரும் உங்களைப் பிடித்துப் போகப்போவதில்லை. அந்த அறைக்கு உண்மையான தலைவலி வேறு. விளையாட்டுக்கு அடிப்பவர்கள், எடுத்ததும் பேசாமல் இருப்பவர்கள், குழந்தை கையில் போனைக் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போனவர்கள். தவறி அடித்துவிட்டால் பயந்து கட் பண்ணாமல், "தெரியாம வந்துருச்சுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வையுங்கள்.

எதற்கு அழைக்க வேண்டாம்

மூன்று நாள் காய்ச்சல், செக்கப், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போவது, தையல் பிரிப்பது, இதற்கெல்லாம் 108 கிடையாது. நாய் கடித்து ரத்தம் பெரிதாக இல்லை என்றால், சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆட்டோவிலோ பஸ்ஸிலோ அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இறந்தவரின் உடலையும் 108 ஏற்றாது. அரசு மருத்துவமனையில் இருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. இது தெரியாமல் தனியார் வண்டிக்காரரிடம் ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் நிறைய.

மருத்துவ ஆலோசனை மட்டும் வேண்டும் என்றால் 104. மனசு சரியில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416. ஏற்கெனவே எதையாவது விழுங்கிவிட்டார் என்றால் அது பேசும் நேரம் இல்லை, நேராக 108. போலீஸ் 100, தீயணைப்பு 101, இரண்டுக்கும் பொதுவாக 112. போன் பூட்டியிருந்தாலும் திரையில் உள்ள அவசர அழைப்பைத் தொட்டு 112 அடிக்கலாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, பணத்தை ஆன்லைனில் ஏமாந்தால் 1930. வெள்ளம், புயல் நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இலங்கையில் இருப்பவர்களுக்கு இலவச ஆம்புலன்ஸ் எண் 1990, இந்திய உதவியோடு இதே 108 மாதிரியில் 2016-ல் தொடங்கி, 2018-ல் வடக்குக்கும் வந்த சேவை அது. அங்கே போலீஸ் 119.

ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவருக்காக அழைக்கப் பலர் தயங்குவது, போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயத்தால். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு உதவி செய்பவரைப் பாதுகாக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இன்னுயிர் காப்போம் திட்டத்தில் இலவசம், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. விபத்து அழைப்பில் எத்தனை பேருக்கு அடி, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா, பெட்ரோல் ஒழுகுகிறதா என்பதைச் சொல்லுங்கள். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றுவதும், ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்து ஆட்டோவில் திணிப்பதும் வேண்டாம், கழுத்தெலும்பு அடிபட்டிருந்தால் அதோடு போயிற்று. தீப்பிடிக்கும் நிலை என்றால் மட்டும் நகர்த்துங்கள்.

வண்டி வந்த பிறகு

நோயாளியோடு ஒருவர் ஏறினால் போதும், விவரம் தெரிந்தவராக இருக்கட்டும். மருந்துச் சீட்டுகளை அப்படியே பையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரி என்பதில் இ.எம்.டி.யிடம் சண்டை வேண்டாம். அவர் அருகில் உள்ளதை மட்டும் பார்ப்பதில்லை, இந்த நோய்க்கு வசதி உள்ளதா என்றும் பார்க்கிறார். மாரடைப்புக்காரரைக் கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துச் சரிசெய்யும் அறை) உள்ள இடத்துக்குத் தூரமாகக் கொண்டுபோவதும் சில சமயம் அதனால்தான். சேவைக்குக் கட்டணம் கிடையாது, டீ செலவுக்கு என்று கையில் திணிக்கவும் வேண்டாம். மற்றவர்கள் பின்னால் பைக்கில் வரலாம், ஆனால் சைரன் திறந்துவிடும் வழியில் வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு சிக்னலைத் தாண்டாதீர்கள், நிதானமாக வந்து சேருங்கள், எந்த வார்டு என்று உள்ளே இருப்பவர் போனில் சொல்வார்.